மலை டீம் தோற்றதற்கு ஆளுக்கொரு காரணம்

1

எங்கள் பஸ் டிப்போ கேண்டீனில் மூன்று வாரமாக ஒரே பேச்சு. இந்த ஆங்கிலேய நகரத்தில் இரண்டு ஃபுட்பால் கிளப்புகள் இருக்கின்றன. ஒன்று சிவப்புச் சட்டை, இன்னொன்று நீலச் சட்டை. இங்கே பிறக்கிற குழந்தைக்குப் பெயர் முடிவாவதற்கு முன்னால் சட்டையின் நிறம் முடிவாகிவிடும். இரண்டு வருஷமாக யாராலும் அசைக்க முடியாமல் இருந்த சிவப்பு அணி, இந்தத் தை பிறந்ததிலிருந்து திடீரென்று படுத்துவிட்டது. ஆறு ஆட்டம் ஆடி ஆறிலும் தோல்வி.

நான் கண்டக்டராகப் போகும் பஸ்ஸை ஓட்டுகிற ஆல்பர்ட் சிவப்புக்காரர். ஒர்க்ஷாப்பில் இருக்கும் ஃபிராங்க் நீலம். எங்கள் ஊர் சேந்தமங்கலத்து ஆட்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், பங்காளித் தகராறு. பயிற்சியாளரை மாற்றினால் எல்லாம் சரியாகும் என்கிறார் ஆல்பர்ட். பேரும் புகழும் வந்ததும் பையன்கள் குடியில் இறங்கிவிட்டார்கள் என்கிறார் ஃபிராங்க். கோல்கீப்பருக்குப் புதிதாகக் கல்யாணம் ஆனதுதான் காரணம் என்கிறார் டீ ஊற்றும் அம்மாள். அந்தப் பெண்ணை அவர் பார்த்ததுகூட இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, ஷிஃப்ட் முடிந்து டீயும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். ஆறு வருஷமாக இந்த விவாதத்தில் வாயே திறக்காத என்னைப் பார்த்து, உன் அபிப்பிராயம் என்ன என்று ஆல்பர்ட் கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று யாராவது விசாரித்தீர்களா என்றேன். கேண்டீன் முழுக்கச் சிரித்தது. இவனுக்கு எல்லாவற்றுக்கும் சோறுதான் காரணம் என்று ஃபிராங்க் மேஜையைத் தட்டினார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். டீயை மட்டும் குடிக்காமல் தள்ளி வைத்துவிட்டேன்.

அன்றைக்கு மாசி மூன்றாம் ஞாயிறு. சீரங்கன் செத்து அன்றோடு ஒன்பது வருஷம்.

2

ஐம்பதுகளின் கடைசியில் நான் கொல்லிமலையில் வேலை பார்த்தேன். மலைக்கு ரோடு போடுவதற்காக அளவெடுக்கும் ஆபீஸில் ரைட்டர். ஆபீஸ் என்றதும் கட்டடத்தை நினைக்க வேண்டாம். சில ஊர்கள் சேர்ந்ததை மலையில் நாடு என்பார்கள்; அப்படிப் பெரக்கரை நாட்டில் ஒரு தகரக் கொட்டகை, இரண்டு கூடாரம், ஒரு ஓவர்சியர், நான், அளக்கும் சங்கிலி பிடிக்கிற ஆட்கள், அவ்வளவுதான். அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏற எனக்கு நாலு மணி நேரம் ஆகும். மலைக்காரர்கள் தலையில் மூட்டையோடு இரண்டரை மணியில் ஏறிவிடுவார்கள். ஏறியவர்கள் எனக்காக உட்கார்ந்து காத்திருந்து, என் மூச்சு இரைப்பதைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்கப் பாடுபடுவார்கள்.

ஓவர்சியர் பொழுதுபோக்குக்காக ஒரு பந்து கொண்டுவந்தார். சாமை அறுத்த காட்டில் சாயங்காலம் ஆடக் கற்றுக்கொடுத்தார். ஆறே மாதத்தில் அவரால் அவர்கள் பின்னால் ஓட முடியவில்லை. அவர்களில் சீரங்கன்தான் தலைவன், கோல்கீப்பரும் அவன்தான். முப்பது வயது. மனைவி பெயர் காத்தாயி. குழந்தை இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு துண்டுக் காட்டில் வரகும் சாமையும் போட்டுப் பிழைத்தார்கள். மரத்தின் மேலிருந்து வெட்டிப் போடும் பலாப்பழத்தைக் கீழே கோணி விரித்து நின்று பிடிக்கிறவன் அவன். பந்து அவனுக்கு எம்மாத்திரம்?

சேந்தமங்கலம் திடலில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் நடக்கும். சேந்தமங்கலம், முள்ளுக்குறிச்சி, எங்கள் மலை டீம். மலை டீம் வெறுங்காலோடு இறங்கி வந்து, ஆடி, ஜெயித்து, அன்றைக்கே மறுபடி மலை ஏறிவிடும். இரண்டு வருஷம் அவர்களை யாரும் தோற்கடிக்கவில்லை. நான் பிறந்தது சேந்தமங்கலம் என்றாலும், மலை டீமின் முதல் வக்கீல் நான்தான். அவர்கள் போட்ட கோலையெல்லாம் நானே போட்ட மாதிரி மார் தட்டினேன். எனக்கு எதிர்க்கட்சி பஸ் நிற்குமிடத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த பழனியப்பன். என்னோடு படித்தவன், சேந்தமங்கலம் டீமுக்காக உயிரை விடுகிறவன். அந்த வருஷக் கடைசி ஆட்டத்தில், மாசியில், எங்கள் இரண்டு டீமும் மோதும்போது, தோற்கிற பக்கத்து ஆள் பஸ் நிற்குமிடத்திலேயே மீசையை மழித்துக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்குள் பந்தயம். ஊருக்கே தெரிந்த பந்தயம்.

3

தை மாதம் முதல் ஆட்டத்தில் முள்ளுக்குறிச்சி எங்களுக்கு நாலு கோல் போட்டது. பந்து வலப்பக்கம் வந்தால் சீரங்கன் அதற்கு ஒரு முழம் தள்ளிக் கையை நீட்டினான். நடுவில் ஆடிய இரண்டு பேர், பந்து உருண்டுகொண்டிருக்கும்போதே மைதானத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த வாரம் மூன்று கோல். அதற்கடுத்த வாரம் எண்ணவே எனக்குப் பிடிக்கவில்லை.

சைக்கிள் கடையில் கூட்டம் தாங்கவில்லை. "ஏனப்பா ரைட்டரு, உன்ற மலைக்காரங்க சாராயத்துல நீச்சலடிக்கறாங்களாட்ட இருக்குதே?" என்று பழனியப்பன் பஞ்சர் ஒட்டிக்கொண்டே கேட்டான். மலையில் குடிக்கிறவன் குடிப்பான், சீரங்கன் தொடமாட்டான் என்றேன். அப்படியானால் தலைக்கனம் என்றார் ஒருவர். காற்றடைத்த பந்தை விட்டுவிட்டுக் கள்ளிப்பழத்தை உதைக்கச் சொல் என்றார் இன்னொருவர். என் கட்சி வேறு: முள்ளுக்குறிச்சிக்காரர்கள் கோல்கம்பத்தின் அடியில் ஏதோ வைத்துவிட்டார்கள், செய்வினை. இதை நிரூபிக்க ஒரு நாள் குச்சியால் தோண்டி அரை எலுமிச்சம்பழமும் எடுத்துவந்து காட்டினேன். சோடாக் கடைக்காரர் அது தன் கடையில் பிழிந்து எறிந்தது என்றார். அதையும் நான் நம்பவில்லை.

மலையிலேயே குடியிருந்தவன் நான். எனக்குத் தெரியாமல் போனதுதான் வெட்கக்கேடு. கண்ணுக்கு எதிரே எல்லாம் இருந்தது. மார்கழியில், அறுப்பு நேரத்தில், பெய்யக்கூடாத மழை ஒன்பது நாள் பெய்தது. களத்தில் குவித்த வரகுக் கதிர் கருத்துக் கிடந்தது. தை பிறந்த பிறகு கோழிகள் சுற்றிச் சுற்றி வந்து விழுந்ததைப் பார்த்தேன். வைக்கோல் தின்ற ஒரு எருது நின்ற இடத்திலேயே முன்னங்கால் மடிந்து சாய்ந்ததையும் பார்த்தேன். ஏதோ கோமாரி என்று நினைத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

இன்னொன்றும் நடந்தது. மலையில் எந்த வீட்டைத் தாண்டினாலும், ஒரு வாய் கூழ் குடித்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிடாமல் விடமாட்டார்கள். அந்த மாதம் ஒருவர்கூட என்னைக் கூப்பிடவில்லை. நான் வருவதைக் கண்டால் காத்தாயி அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்று பேசினாள். இரண்டு வருஷம் ஜெயித்ததில் இவர்களுக்குக் கொழுப்பு ஏறிவிட்டது, சோற்றுக்குக் கூப்பிடும் மரியாதைகூடப் போய்விட்டது என்று எனக்குக் கோபம். அந்தக் கோபத்தை டைரியில் வேறு எழுதி வைத்தேன்.

4

கொஞ்சம் இந்த ஊருக்கு வருகிறேன். இந்த நாட்டின் பிரஜையாகப் பதிந்துகொள்ள ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மாதமாக அலைகிறேன். பிறந்த ஊர் என்ற இடத்தில் சேந்தமங்கலம் என்று எழுதினேன், கட்டத்தில் அடங்கவில்லை. கடைசி நான்கு எழுத்தை வெட்டிவிடலாமா என்று அந்த அதிகாரி அன்பாகத்தான் கேட்டார். முன்பு வேலை பார்த்த இடம் கொல்லிமலை என்றதும், அது ஊரா மலையா, ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்.

அதையெல்லாம் சமாளித்துவிட்டேன். உங்களை நன்றாக அறிந்த இரண்டு பேரின் பெயரைக் குறிப்பிடவும் என்ற இடத்தில்தான் பேனா நிற்கிறது. ஆல்பர்ட் கையெழுத்துப் போடத் தயார். அவருக்கு என்னைப் பற்றி என்ன தெரியும்? நேரத்துக்கு வருவேன், சில்லறையில் தப்பு வராது, அவ்வளவுதான். என்னை உள்ளபடி அறிந்த இரண்டு பேரில் ஒருவன் செத்துவிட்டான். இன்னொன்று ஆடு. அதையும் அன்றைக்கே வெட்டிவிட்டார்கள்.

நேற்றைய பேப்பரில் சிவப்பு அணியின் கோல்கீப்பர் படம் வந்திருந்தது. பந்து வலைக்குள் கிடக்கிறது, அவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஃபிராங்க் அதை வெட்டிக் கேண்டீன் சுவரில் ஒட்டி, பக்கத்தில் ஒரு பீர் பாட்டில் வரைந்திருந்தார். கம்பத்தைப் பிடித்திருந்த அந்தக் கையை என்னால் பார்க்க முடியவில்லை. அந்த மனிதருக்கு என்ன என்று எனக்குத் தெரியாது. யாராவது அவரையே கேட்டார்களா என்பதும் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது.

5

கடைசி ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் சீரங்கன் தகரக் கொட்டகைக்கு வந்தான். உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏனுங்க ரைட்டரய்யா, இந்த ஞாயித்துக்கெழமெ நாங்க வல்லீங்க. ஒடம்பு சொன்னபடி கேக்கறதில்லீங்க."

என்ன உடம்புக்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஒரு கேள்விதானே? எனக்கு மனக்கண்ணில் தெரிந்தது பழனியப்பனின் சவரக்கத்தி. இறங்காமல் இருந்தால் மலைக்காரர்கள் பயந்துவிட்டார்கள் என்று கீழே கைகொட்டிச் சிரிப்பார்கள், மலையின் மானம் போய்விடும் என்றேன். மானம் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எடுத்தேன். அது அவர்களிடம் வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும்.

அவன் நிலையை இன்னொரு கைக்கு மாற்றிப் பிடித்தான். பிறகு, "அப்பச் சாமியக் கேட்டுப்போடலாமுங்க. துளுக்குச்சுன்னா வாரோம்," என்றான்.

எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் இருக்கமாட்டார்கள், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு காரியத்துக்குச் சாமியிடம் உத்தரவு கேட்க, கிடாயைக் கோயில் முன்னால் நிறுத்தி மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். கிடாய் உடம்பை உதறித் துளுக்கினால் சாமி சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். மூன்று முறை தெளித்தும் சும்மா நின்றால் உத்தரவு இல்லை. அதற்குமேல் பேச்சே கிடையாது, அந்தக் காரியத்தை விட்டதற்காக யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. தண்ணீரை முதுகில்தான் தெளிக்க வேண்டும், காதில் படக்கூடாது. காதுக்குள் தண்ணீர் போனால் எந்த ஆடும் துளுக்கும். அப்புறம் அது சாமியின் சொல் ஆகாது.

வெள்ளிக்கிழமை காலையில் கோயில் முன்னால் கூடினோம். பதினொரு பேரும் வந்திருந்தார்கள், பாதிப்பேர் உட்கார்ந்திருந்தார்கள். பூசாரி முதல் முறை தெளித்தார். கிடாய் அசையவில்லை. இரண்டாம் முறை தெளித்தார். அது அண்ணாந்து எங்கோ பார்த்தது. கூட்டத்தில் ஒரு மூச்சு இறங்கியது எனக்குக் கேட்டது. ஏமாற்றம் என்று நினைத்தேன். அது நிம்மதி என்று இப்போது தெரிகிறது.

கேட்டது என் காரியம் என்பதால் மூன்றாவது தண்ணீரை என் கையால் தெளிக்கச் சொன்னார் பூசாரி. அது எனக்குச் செய்த மரியாதை. நான் சொம்பை வாங்கினேன், குனிந்தேன், முதுகில் தெளிக்கிற பாவனையில் சொம்பைச் சாய்த்து அதன் இடது காதுக்குள் ஊற்றினேன். கிடாய் தலையிலிருந்து வால்வரை உதறியது. தண்ணீர் என் முகத்தில் அடித்தது.

எல்லோரும் சாமி பக்கம் திரும்பிக் கும்பிட்டார்கள். சீரங்கன் மட்டும் கிடாயின் காதைப் பார்த்தான். அதிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தான். அவன் கண்டுபிடித்துவிட்டான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சாமி முன்னால் நிற்கிற ஒரு ஆபீஸ்காரனைப் பார்த்து, நீ ஏமாற்றினாய் என்று அவன் எப்படிச் சொல்வான்?

"உத்தரவு ஆயிருச்சுங்க," என்றான்.

6

ஞாயிற்றுக்கிழமை மலை டீம் ஜெயித்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. சீரங்கன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டே நின்றான். சேந்தமங்கலத்துக்காரர்கள் அடித்ததெல்லாம் வெளியே போயிற்று. கடைசியில் அவர்கள் ஆள் ஒருவனே பதற்றத்தில் பந்தைத் தங்கள் கோலுக்குள் தட்டிவிட்டான். ஒன்றுக்குப் பூஜ்யம்.

நான் குதித்தேன். பழனியப்பன் ரோஷக்காரன், நேராகப் போய் பஸ் நிற்குமிடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். நாவிதர் வந்தார், மேளக்காரர்கூட ஒருவர் வந்தார். பஸ் பயணிகள் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் நின்று நான் கை தட்டிக்கொண்டிருந்தபோது மலை டீம் புறப்பட்டுப் போய்விட்டது. ஒரு சோடா வாங்கிக் கொடுக்கவில்லை. போய் வாருங்கள் என்று சொல்லவில்லை.

பொழுது சாயும் நேரத்தில், மலைப்பாதையின் நடுவே, மழை இல்லாத காய்ந்த தடத்தில், சீரங்கன் காலை எடுத்துக் காற்றில் வைத்தானாம். பின்னால் வந்தவன் சொன்னான். அவன் தடுக்கவும் இல்லை, வழுக்கவும் இல்லை. அங்கே தடம் இருக்கிறது என்று நினைத்து வைத்திருக்கிறான். சிறுவயதிலிருந்து ஏறி இறங்கிய பாதை அது. மறுநாள் காலையில் கீழே பாறைச் சந்திலிருந்து எடுத்தார்கள்.

சைக்கிள் கடையில் அதற்கும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஜெயித்த சந்தோஷத்தில் குடித்திருப்பான் என்றான், மீசையில்லாத பழனியப்பன். அதைக் கேட்டு முதல்முறையாக எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. என்மேல் வந்தது.

7

கருமாதி முடிந்து நாலு நாள் கழித்து காத்தாயியைப் பார்க்கப் போனேன். வாசலில் வரகை முறத்தில் வைத்துப் புடைத்துக்கொண்டிருந்தாள். அருகில் உட்கார்ந்தேன். வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"இந்த வரகுதானுங்க. மழெயில நனஞ்ச வரகு ஆளக் கிறக்குமுன்னு எங்களுக்குத் தெரியுமுங்க. தெரிஞ்சேதான் குடிச்சோம். சாமெயெல்லாம் போயிருச்சு, வேற என்ன இருக்குது? உங்களுக்கு அதப் போட்டுக் குடுக்க மனசு வல்லீங்க. அதுதான் சோத்துக்குக் கூப்புடல."

ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கெட்ட தவசத்தத் திங்கறோமுன்னு அவுரு எப்படீங்க வாய் தொறந்து சொல்லுவாரு? ஆடு துளுக்காதுன்னு இருந்தாருங்க. சாமி வேண்டான்னுருச்சுன்னா மானத்தோட ஊட்டுல இருந்துக்கலாமுன்னாரு."

அப்போதுதான் எனக்கு முழுதும் விளங்கியது. அவர்கள் சாமியிடம் கேட்டது போகலாமா என்று அல்ல. போகாமல் இருக்க ஒரு வழி கேட்டார்கள். அந்த வழியில் நான் தண்ணீர் ஊற்றிவிட்டேன், ஒரு மீசைக்காக.

சொல்லிவிட வேண்டும் என்று நிமிர்ந்தேன். அதற்குள் அவள் முந்தானையை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள், துடைத்துக்கொள்ள.

"நீங்க அழுவாதீங்க சாமி. கடவுளே போன்னு சொன்னதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

நான் துடைத்துக்கொண்டேன். எழுந்து வந்துவிட்டேன். நாலு மாதத்தில் மாற்றல் கேட்டுச் சேலம் போனேன், அடுத்த இரண்டு வருஷத்தில் கப்பல் ஏறினேன். நல்ல வாய்ப்பு வந்ததால் வெளிநாடு போனான் என்று சேந்தமங்கலத்தில் சொல்கிறார்கள் என்று கேள்வி. சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

8

கேண்டீனில் எல்லோரும் சிரித்த அன்று வீட்டுக்கு வந்து யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். என் மகள் மல்லிகாவுக்குப் பன்னிரண்டு வயது; கப்பல் ஏறும்போது ஐந்து. சிநேகிதிகளுக்கு அவள் மாலி. நான் சிவப்புக்காரருடைய பஸ்ஸில் வேலை பார்க்கிறேன் என்பதற்காகவே அவள் நீலம். தமிழ் பேசினால் ஏதோ கடன் வாங்கிய சட்டை போட்ட மாதிரி நெளிவாள். கொல்லிமலை எங்கே என்று கேட்டால் இந்தியாவில் என்பாள், அதற்குமேல் அவளுக்குத் தெரியாது, நானும் சொன்னதில்லை.

சிவப்பு தோற்றதற்கா இவ்வளவு துக்கம் என்று இங்கிலீஷில் கேலி செய்தாள். என்ன தோன்றியதோ, எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். வரகுக்கு இங்கிலீஷ் தெரியவில்லை, துளுக்குவதற்கும் தெரியவில்லை. கையையும் தலையையும் ஆட்டிக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, தன் அரைகுறைத் தமிழில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்போ அந்த ஆன்ட்டி இன்னும் சாமிதான் பண்ணிச்சுன்னு நெனச்சிட்டு இருக்காங்களா?"

ஆமாம் கண்ணு என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வளர்ந்த பிறகு பிள்ளைகள் பெற்றோரைப் பார்க்கிற பார்வை அது. இவ்வளவு சீக்கிரம் எனக்கு அது வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்த ஒரு வாரமாக என்னிடம் அளந்துதான் பேசுகிறாள்.

ஒன்பது வருஷமாக ஒரு பெண்பிள்ளை, தன் குலசாமியே தன் புருஷனை மலையிலிருந்து தள்ளிவிட்டது என்று நம்பி, அதே சாமிக்கு விளக்கு வைத்துக்கொண்டிருக்கிறாள். இதைக் கடிதமாக எழுதினால் அவளுக்குப் படிக்கத் தெரியாது. பத்திரிகைக்கு எழுதினாலும் படிக்கத் தெரியாது. அது தெரிந்துதான் இத்தனை தைரியமாக எழுதுகிறேனோ என்று எனக்கே சந்தேகம் வருகிறது. அதனால் சேந்தமங்கலத்திலோ முள்ளுக்குறிச்சியிலோ இதைப் படிக்கிற யாராக இருந்தாலும் ஒரு உபகாரம் செய்யுங்கள். இப்போது மலைக்குப் போக வழி சுலபமாகியிருக்கும். பெரக்கரை நாட்டில், செத்துப்போன கோல்கீப்பர் சீரங்கன் வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். காத்தாயியை உட்காரவைத்து இதைப் படித்துக் காட்டுங்கள். காதுக்குள் தண்ணீர் ஊற்றிய இடம் வரும்போது, பாவம் அவன் என்று குரலைத் தாழ்த்திவிடாதீர்கள். அவளுக்கு நன்றாகக் கேட்கிற மாதிரி, இரண்டு தடவை படியுங்கள்.